பாய்ப்படகில் கயிற்றுக் கிளட்சுக்கும் சுவிட்ச் பேனலுக்கும் அழியாத லேபிள் எப்படிச் செய்வது?

ஊர்காவற்றுறைப் பக்கம் பாய்ப்படகு வைத்திருக்கிறீர்கள், ஒட்டிய லேபிள் எல்லாம் மூன்று மாதத்தில் வெளிறி உரிந்துவிட்டது என்கிறீர்கள். எங்கள் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் சாதாரண ஸ்டிக்கர் தாக்குப்பிடிக்காது, அதிலும் சிவப்பு எழுத்துத்தான் முதலில் போகும்.

கிளட்சுக்கு, அதாவது பாய்க் கயிற்றை இறுக்கிப் பிடிக்கிற கைப்பிடிப் பூட்டுக்கு, நான் சொல்வது இரட்டை நிற பிளாஸ்டிக் தகடு. மேலே வெள்ளை, உள்ளே கறுப்பு. மேல்படையைச் செதுக்கினால் எழுத்து கறுப்பாகத் தெரியும். மை என்று ஒன்று இல்லாதபடியால் தேய்ந்து போக எதுவுமில்லை. டவுனில் பெயர்ப்பலகை வெட்டுகிற கடைகளில் கேட்டுப் பாருங்கள், ஆனால் வெயிலில் இருக்கப்போகிறது என்று சொல்லியே வாங்குங்கள், ஏனென்றால் வீட்டுக்குள் மாட்டுகிற வகை மஞ்சளாகிவிடும்.

உள்ளே இருக்கிற பேனலுக்கு அவ்வளவு மினக்கெட வேண்டாம். பிரதர் லேபிள் மெஷினின் லாமினேட் டேப் போதும், அதில் எழுத்து மேல் பிளாஸ்டிக் படலத்துக்கு அடியில் இருக்கிறது.

சரி, பாதிப் பேர் கோட்டை விடுவது ஒட்டும்போதுதான். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, காயவிட்டு, ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடையுங்கள் (அக்ரிலிக்கில் வேண்டாம், வெடிப்பு விழும்). அழுத்தி ஒட்டியபின் ஒரு நாளாவது நனைய விடாதீர்கள். கயிறு உரசும் இடத்தில் ஒட்டவே வேண்டாம், கிளட்ச் கைப்பிடியின் மேல்முகம் நல்லது.

அப்புறம், எழுத்தைப் பெரிதாக வையுங்கள். இரவில் காற்று ஏறினால் டோர்ச் பிடிக்க மூன்றாவது கை இருக்காது.