தாயத்து விஷயத்தில் சட்டம் எதைப் பார்க்கிறது?

சட்டம் கேட்டு வாசகர்கள் எழுதிய இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஜோசியம், மாந்திரீகம், பரிகாரம் பற்றியவை. கொடுத்த தொகை, கொடுத்த தேதி, வாங்கியவர் சொன்ன வார்த்தை: இந்த மூன்றும் இல்லாத கடிதத்துக்கு என்னால் பாதிப் பதில்தான் சொல்ல முடியும். இதைப் பலமுறை எழுதிவிட்டேன்.

தை மாதத்துக்குள் மகளுக்குக் கல்யாணம் நடக்கும் என்று ஜோசியர் சொன்னார். இரண்டு தை போய்விட்டது. மோசடி வழக்குப் போடலாமா? (சேலம்)

போட முடியாது. பலிக்காத ஜோசியம் மோசடி ஆகாது. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவு, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420, பொருந்தும். எவ்வளவு கொடுத்தீர்கள் என்றே நீங்கள் எழுதவில்லை.

தாத்தா காலத்திலிருந்து கிளி ஜோசியம்தான் எங்கள் பிழைப்பு. வனத்துறையினர் கிளியைக் கூண்டோடு எடுத்துப் போய்விட்டார்கள். ஜோசியம் சொல்வது குற்றமா? (விழுப்புரம்)

ஜோசியம் சொல்வது குற்றமல்ல. கிளியை அடைத்து வைத்திருப்பது குற்றம். பச்சைக்கிளி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று போகலாம். 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் கடலூர் பக்கம் ஒரு வேட்பாளருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த கிளி ஜோசியரை வனத்துறை பிடித்து, எச்சரித்து அனுப்பியது. உங்கள் பிழைப்பு போகிறதே என்று எனக்கும் வருத்தம்தான். ஆனால் வேறொரு கிளி பிடித்துவிடாதீர்கள். சீட்டை நீங்களே உங்கள் கையால் எடுத்துக் கொடுத்தால் இந்தச் சட்டம் உங்களிடம் வராது.

மகாராஷ்டிரத்தைப் போலத் தமிழ்நாட்டிலும் மாந்திரீகத் தடைச் சட்டம் இருக்கிறதா? ஜோசியர்களையும் அதில் பிடிக்கலாமா? (மதுரை)

இங்கே அப்படித் தனிச் சட்டம் இல்லை. மகாராஷ்டிரத்தில்கூட மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அவசரச் சட்டம் வந்தது. ஆண்டுக் கடைசியில் முழுச் சட்டம் ஆயிற்று. பல வருடங்களாக அவர் கேட்டுக்கொண்டிருந்த சட்டம் அது. 6 மாதம் முதல் 7 ஆண்டு வரை தண்டனை. கர்நாடகம் 2017இல் நிறைவேற்றி 2020இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஜோசியர்களைப் பிடிப்பதற்கு இரண்டு சட்டமுமே உதவாது. மகாராஷ்டிரச் சட்டம் ஜோசியம், வாஸ்து தொடங்கி பூம்பூம் மாட்டுக்காரர் சொல்லும் குறி, நிலத்தடி நீரோட்டம் பார்ப்பது வரை பெயர் சொல்லியே விலக்கு அளித்திருக்கிறது. நரபலி, பேயோட்டுகிறேன் என்று அடிப்பது, அற்புதம் காட்டிப் பணம் பறிப்பது போன்றவைதான் அதன் இலக்கு.

பூஜைக்கு 40,000 கொடுக்காவிட்டால் செய்வினை வைத்துவிடுவேன் என்று ஒருவர் மிரட்டுகிறார். (திண்டுக்கல்)

‘உங்களுக்குக் கிரகம் சரியில்லை’ என்பது வேறு, ‘நான் வைத்துவிடுவேன்’ என்பது வேறு. தன் செயலால் உங்களைத் தெய்வக் கோபத்துக்கு ஆளாக்குவதாக நம்பவைத்து ஒரு காரியத்தைச் செய்யவைத்தால் அது நியாய சன்ஹிதாவின் 354ஆவது பிரிவின் (பழைய 508) கீழ்க் குற்றம். ஓராண்டு வரை சிறை. ஆனால் நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவில்லாமல் போலீஸ் இதை விசாரிக்க முடியாது. ஆகவே பயமுறுத்திப் பணம் பறித்தல், பிரிவு 308, அதையும் சேர்த்துப் புகார் மனு எழுதுங்கள். அவர் அனுப்பிய குரல் பதிவை அழித்துவிடாதீர்கள். பயத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான்.

தொலைக்காட்சி விளம்பரத்தைப் பார்த்து அம்மாவின் சர்க்கரை நோய்க்காக 6,500 ரூபாய்க்குத் தாயத்து வாங்கினோம். மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். இப்போது அம்மாவுக்குக் காலில் புண். பணத்தையாவது மீட்க முடியுமா? (தேனி)

முதலில் அம்மாவை இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரை நோயாளியின் கால் புண் காத்திருக்காது. வழக்கு காத்திருக்கும்.

சட்டத்துக்கு வருகிறேன். 1954ஆம் ஆண்டிலேயே இதற்கென்று ஒரு மத்தியச் சட்டம் வந்துவிட்டது: மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம். தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவை நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதே குற்றம். சர்க்கரை நோய், புற்றுநோய் உட்பட ஐம்பது நோய்களுக்கு மேல் பட்டியல் போட்டு, அவற்றைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதையும் அதே சட்டம் தடுக்கிறது. அட்டைப்பெட்டி மேல் ஒட்டிய லேபிள், சுற்றிய காகிதம், வாய்ச்சொல், ஒளி, ஒலி, புகை வழியாகச் சொல்வது உட்பட எல்லாமே அதில் விளம்பரம்தான். நடுவர் உத்தரவுக்குக் காத்திராமல் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். இத்தனை இருந்தும் காவல் நிலையத்துக்குப் போனால், ‘நம்பி வாங்கினீர்கள், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். எழுபது ஆண்டுப் பழைய சட்டத்தை நானே புத்தகத்தைப் பிரித்துக் காட்டிப் படிக்கவேண்டியிருந்த நாட்கள் உண்டு. கோபமாகத்தான் எழுதுகிறேன். தாயத்தால் யாரும் சாவதில்லை; அதை நம்பி நிறுத்திய இன்சுலினால் சாகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் என் மேஜை மேல் ஒரு தாயத்தை வைத்தார். சுண்டுவிரல் நீளச் செப்புக் குழாய், இரண்டு முனையிலும் அரக்கு. உள்ளே சுருட்டிய தகட்டில் ஆணியால் கீறிய ஒன்பது கட்டங்கள். அவர் தகட்டையே காட்டி, ‘இதில் ஒன்றுமே இல்லை சார்’ என்று அழுதார். எனக்குத் தேவைப்பட்டது தகடு அல்ல, அது வந்த பெட்டி. ‘சர்க்கரை, மூட்டுவலி, பக்கவாதம் நீங்கும்’ என்று அதன் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிதான் வழக்கு. நல்லவேளை, அவர் மனைவி அதில் ஊசி நூல் போட்டு வைத்திருந்தார்.

ஆகவே பெட்டி, பில், பணம் அனுப்பிய குறுஞ்செய்தி, விளம்பரம் வந்த நாள், நேரம், அலைவரிசை எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். கேபிள் தொலைக்காட்சி விதிகளும் அதீத சக்தி உண்டு என்று ஊகிக்கவைக்கும் விளம்பரத்தைத் தடுக்கின்றன. ஒரு யந்திரத் தகட்டுக்கான தொலைக்காட்சி விளம்பரத்தை மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 2021இல் சட்டவிரோதம் என்றது. 1954 சட்டத்தின் கீழ்ப் புகார் பெற மாநிலங்கள் இரண்டு மாதத்துக்குள் ஏற்பாடு செய்யவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் உத்தரவிட்டது. பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும்: 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, உங்கள் மாவட்டத்திலேயே போடலாம், ஆனால் இரண்டு ஆண்டுக்குள். அவமானமாக இருக்கிறது என்று தள்ளிப்போட்டுக் கெடுவைத் தவறவிட்டவர்கள் ஏராளம். 1954 சட்டத்தில் தண்டனை முதல் முறை 6 மாதம் வரைதான். போதாது என்பதுதான் என் கருத்து.

எச்சில் இலையில் உருளுவது தடை செய்யப்பட்டதா? (கரூர்)

நெரூர் சதாசிவ பிரம்மேந்திரர் அதிஷ்டானத்தில் (சமாதிக் கோயிலில்) பக்தர்கள் சாப்பிட்ட இலைகளின் மேல் உருளும் வழக்கத்தைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 2015இல் உயர் நீதிமன்றம் தடுத்தது. 2024 மே மாதம் தனி நீதிபதி அனுமதித்தார். 2025 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அனுமதியை ரத்து செய்தது. மனித மாண்பை முன்வைக்கும் வாதமே சரி என்று நினைக்கிறேன். கோயில் பிரகாரத்தில் செய்யும் வழக்கமான அங்கப்பிரதட்சிணத்துக்கு இந்தத் தீர்ப்பால் தடை இல்லை.

கிடா வெட்டத் தடை இன்னும் இருக்கிறதா? (சிவகங்கை)

இல்லை. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இல் கண்டிப்பாக அமல்படுத்தினார்கள்; 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது.

கனடாவில் மாந்திரீகம் குற்றம் என்கிறார்கள், உண்மையா? (டொராண்டோ)

மந்திரம் செய்வதாக ஏமாற்றுவதைக் குற்றமாக்கிய 365ஆவது பிரிவு 2018 டிசம்பரில் நீக்கப்பட்டது. பொது மோசடிப் பிரிவு 380 அப்படியே இருக்கிறது. உங்கள் பணம் 5,000 டாலரைத் தாண்டினால் 14 ஆண்டு வரை தண்டனை உண்டு. ரசீது இருக்கிறதா?

பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொல்லி மாட்டுக்கொட்டகையில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். குறி சொல்பவர் 48 நாள் என்று சொல்லியிருக்கிறாராம். தலையிட்டால் குடும்ப விஷயம் என்பார்களோ? (இராமநாதபுரம்)

உங்கள் மாவட்டத்திலிருந்து இந்தக் கேள்வி வருவது மனத்தை அறுக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் எழுந்து ஓட முடியாமல் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆவது பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. குடும்பம் சம்மதித்தாலும் கூடாது. வீட்டுக்குள் கொடுமைப்படுத்தப்படுபவரைப் பற்றி நடுவருக்குத் தெரிவிப்பது காவல் நிலைய அதிகாரியின் கடமை. அது 101ஆவது பிரிவு. நீங்கள் உறவினராக இருக்கவேண்டியதில்லை. புகாரை எழுத்தில் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணை அழையுங்கள். 48 நாளில் எத்தனை நாள் போயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் இந்தப் பதில் அச்சில் வரும்வரை காத்திராமல் நேற்றே உங்களுக்குத் தனித் தபால் அனுப்பிவிட்டேன்.