உம்கேனிக் கரை நிலம்

அன்புள்ள ஐயா,

எங்கள் கொள்ளுத்தாத்தா 1870-ல் மதராஸிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தாராம். ஒப்பந்தம் முடிந்ததும் உம்கேனி ஆற்றங்கரையில், ஸ்பிரிங்ஃபீல்டில், அரசாங்கமே நிலம் கொடுத்ததாம். பத்திரம் 1917 வெள்ளத்தில் போய்விட்டது என்பார் ஆயா. இதைச் சரிபார்க்க வழி உண்டா?

— ஒரு வாசகி, ஃபீனிக்ஸ், டர்பன்

அன்புள்ள அம்மா,

முதலில் ஆண்டு இடிக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று முதல் ஒப்பந்தக் கப்பலான ட்ரூரோ 342 பேரோடு வந்தது. 1866-ல் ஆள் எடுப்பது நின்று, 1874-ல்தான் திரும்பத் தொடங்கியது. இடையில் ஒப்பந்தக் கப்பலே கிடையாது.

நிலத்துக்கு வருவோம். பத்து வருஷம் இருந்தவர், ஊர் திரும்பும் கப்பல் செலவுக்கு ஈடாக அரசு நிலம் கேட்கலாம் என்று சட்டம் இருந்தது. 1891-ல் அதை எடுத்துவிட்டார்கள். அப்படிப் பெற்றவர்கள் சிலரே. ஆற்றோரத் தாழ்வில் தோட்டம் போட்ட நம்மவர்களில் பெரும்பாலோர் குத்தகைக்காரர்கள். வண்டல் மண், கையெட்டும் தூரத்தில் தண்ணீர், பறித்த கீரை வாடுமுன் டவுனுக்குப் போய்விடலாம். ஆறு ஏறும் நிலம் என்பதால் வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை. அங்கே அவர்கள் கட்டிய வீடுகளை நினைத்துப் பாருங்கள்: மரச்சட்டம், மேலே நெளித்தகரம். செங்கல் வைத்துக் கட்டினால் குத்தகை முடிந்ததும் அது நிலக்காரருக்குப் போய்விடும். தகரத்தைக் கழற்றி எடுத்துப் போகலாம்.

1917 அக்டோபர் 28 வெள்ளம் கொடியது. மாரிமுத்து படவட்டனும் அவரோடு வலையிழுத்த ஐந்து மீனவர்களும் படகில் போய் 176 உயிர்களை மீட்டார்கள். வீட்டிலிருந்த காகிதம் அன்று போயிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் சொந்த நிலமாக இருந்தால் பீட்டர்மரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் பதிவு இருக்கும். ஆறு அதுவரை ஏறவில்லை. அங்கே கொள்ளுத்தாத்தா பெயர் இல்லையென்றால் குத்தகை என்றே கொள்ளுங்கள். ஆயா பொய் சொன்னார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தலைமுறையாக உழுத மண்ணை எந்தக் குடும்பமும் நம் நிலம் என்றுதான் சொல்லும்.

தேடலை வீட்டிலுள்ள மிகப் பழைய பிறப்பு, கல்யாணச் சான்றிதழில் தொடங்குங்கள். அதில் காலனி எண் இருக்கிறதா பாருங்கள். 1860 முதல் 1911 வரை வந்த 1,52,184 பேருக்கும் வரிசையாகப் போட்ட எண் அது. அது ஆயிரக்கணக்கில் இருந்தால் அவர் வந்தது முதல் கப்பலான ட்ரூரோவில் அல்ல. அந்த எண்ணைக் கொண்டு கப்பல் பட்டியலைத் திறந்தால் தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை கிடைக்கும்.

இங்கேதான் பலர் தோற்கிறார்கள். இன்றைய குடும்பப் பெயரை வைத்துத் தேடுகிறார்கள். கவெண்டர் (கவுண்டர்), மூட்லி (முதலி) என்று தேடினால் பெரும்பாலும் ஆள் அகப்படமாட்டார். பட்டியலில் அவர் வெறும் முனுசாமி, சாதி தனிக் கட்டத்தில். அந்த முனுசாமியையும் ஒவ்வொரு எழுத்தரும் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். அதனால் எண் இல்லாமல் பெயரை மட்டும் நம்பாதீர்கள்; தகப்பன் பெயரும் ஜில்லாவும் சேர்ந்து பொருந்த வேண்டும். சொந்தச் செலவில் வந்தவர் என்றால் இந்தப் பட்டியலிலேயே இருக்கமாட்டார்.

எண் கிடைத்ததும் எழுதுங்கள். கிராமத்தின் பெயர் எப்படிச் சிதைந்திருந்தாலும் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.