ஆர்.வி.க்கு எந்த பெட்ரோல்: 85-ஆ, 87-ஆ, 91-ஆ?

தம்பி, டென்வரில் ஆர்.வி. (படுக்கை, சமையல் வசதி உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வரை போகப் போவதாக எழுதியிருந்தீர்கள். அமெரிக்கா வந்து சில மாதம்தான் ஆகிறது, பம்பில் 85, 87, 91 என்று மூன்று எண் இருக்கிறது, ஆறு டன் வண்டி மலை ஏற வேண்டுமே, விலை கூடியதைத்தானே போட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். 87 போடுங்கள். 91 தேவைப்படாது. 85 வேண்டவே வேண்டாம்.

முதலில் ஆக்டேன் எனப்படும் அந்த எண்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பம்பில் போடுவது ஆர்.ஓ.என். என்ற அளவு. இங்கே மஞ்சள் ஸ்டிக்கரில் இருப்பது ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். என்ற இரண்டு சோதனை அளவுகளின் சராசரி. அதனால் அதே பெட்ரோலுக்கு இங்கே நாலைந்து எண் குறைவாகத் தெரியும். இங்குள்ள 87 என்பது அங்கே 91, 92-க்குச் சமம். மட்டமான பெட்ரோல் இல்லை.

ஆக்டேன் கூடினால் சக்தி கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது சக்தியின் அளவே இல்லை. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் அழுத்தப்படும்போது, ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள் மிச்சக் கலவை தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 87-க்கு என்று வடிவமைத்த இன்ஜினில் 91 ஊற்றினால் அதற்குக் கூடுதலாகச் செய்ய ஒன்றுமில்லை. வாடகைக்குக் கிடைக்கிற, ஓட்டுநர் தலைக்கு மேலே படுக்கை வைத்த வண்டிகளில் பெரும்பாலானவை ஃபோர்டு ஈ-450 சேஸி (அடிச்சட்டம்) மேல் கட்டியவை. அதில் பழைய 6.8 லிட்டர் வி10 இருந்தாலும், புதிய 7.3 லிட்டர் வி8 இருந்தாலும் 87 போதும். ஒரு கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 80 சென்ட் வித்தியாசம் என்று வைத்தாலும் 50 கேலனுக்கு 40 டாலர். அதை வண்டி நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டில் இன்னொரு இரவுக்குக் கொடுங்கள்.

இப்போது உங்கள் பாதையில் இருக்கும் உண்மையான சிக்கல். கொலராடோவிலும் வயோமிங்கிலும் பல கேஸ் ஸ்டேஷன்களில் (பெட்ரோல் பங்குகளில்) ‘ரெகுலர்’ என்ற பட்டன் 85. வண்டியை வாடகைக்குக் கொடுப்பவர் ‘ரெகுலர் போட்டால் போதும்’ என்று சொல்லியிருப்பார், நீங்களும் நம்பி அதை அழுத்திவிடுவீர்கள். பெரும்பாலான மாநிலங்களில் ரெகுலர் என்றால் 87, இங்கே 87 நடுவில் இருக்கும். அதனால் பெயரை விடுங்கள், எண்ணைப் பார்த்து அழுத்துங்கள்.

இந்த 85, கணினி இல்லாமல் கார்புரேட்டர் என்ற கருவி பெட்ரோலையும் காற்றையும் கலந்த காலத்து மிச்சம். டென்வர் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் சிலிண்டருக்குள் போகும் காற்றும் குறைவு, அழுத்தமும் குறைவு. அந்த நாள் இன்ஜின் அங்கே 85-ஐத் தாங்கிக்கொண்டது. இன்றைய இன்ஜினில் கணினி காற்றை அளந்து, தீப்பொறி விடும் நேரத்தை (டைமிங்) கலவை தானாக வெடிக்கும் எல்லைக்குப் பக்கத்திலேயே வைத்து ஓட்டுகிறது. டர்போ இருந்தால் கேட்கவே வேண்டாம், மெலிந்த காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளிவிடும். ஃபோர்டு கையேட்டிலேயே உயரமான பகுதிகளில் ரெகுலர் என்ற பெயரில் 87-க்குக் குறைவாக விற்பதைப் போட வேண்டாம் என்று எச்சரிக்கை உண்டு.

வயோமிங்கில் டுபோய்ஸ் ஊரிலிருந்து டோகட்டி கணவாய் வழியாகப் போனால் 9,600 அடிக்கு மேல் ஏறுவீர்கள். நீளமான ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது தகர டப்பாவில் கோலிக்குண்டைக் குலுக்குவது போல ஒரு சத்தம் கேட்டால், அதுதான் நாக்கிங், கலவை தானாக வெடிக்கும் சத்தம். இன்ஜின் இரைச்சலோடு வேகம் ஏறி நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடினால் அது வேறு, கியர் இறங்கியிருக்கிறது, பயப்பட வேண்டாம். நாக்கிங் கேட்டால் காலைத் தளர்த்தி, கியரை இறக்கி, மெதுவாக ஏறுங்கள். வழியில் வேறு வழியின்றி 85 போட நேர்ந்தால் கொஞ்சமாகப் போட்டு, அடுத்த ஊரில் 91 ஊற்றிக் கலந்துவிடுங்கள். 91-க்கு ஒரு வேலை இருக்கிறதென்றால் அது இதுதான்.

அப்புறம் 88. சில ஊர்களில் ‘அன்லெடெட் 88’ என்று 87-ஐவிட மலிவாக வைத்திருப்பார்கள். எண் பெரிது, விலை குறைவு, ஆசை வரும். அதில் 15 சதவீதம் எத்தனால். 2001 மாடலுக்கும் அதற்குப் பிந்தைய கார்களுக்கும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அனுமதித்திருக்கிறது. கனரக இன்ஜின் வண்டிகளுக்கும் ஜெனரேட்டர் போன்ற சிறு இன்ஜின்களுக்கும் அனுமதி இல்லை. உங்கள் ஆர்.வி.யில் இரண்டுமே இருக்கிறது! பெரும்பகுதி எத்தனாலான ஈ85-ஐ அதற்கென்று செய்த வண்டி தவிர வேறெதிலும் ஊற்றக் கூடாது.

இவ்வளவும் பெட்ரோல் வண்டிக்கு. மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் மேல் கட்டியதைக் கொடுத்தால் அது டீசலாக இருக்கலாம், அங்கே ஆக்டேன் பேச்சே இல்லை. டீசல் குழாய்க் கைப்பிடி பெரும்பாலும் பச்சை, ஆனால் சில நிறுவனங்களில் பெட்ரோலுக்கும் பச்சை வைக்கிறார்கள். நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள். நீல மூடி போட்டது டி.இ.எஃப். (டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் திரவம்) தொட்டி, அதில் டீசல் போகக் கூடாது, டீசல் தொட்டியில் டி.இ.எஃப்.-உம் போகக் கூடாது. சாவி வாங்கும்போதே எரிபொருள் மூடியைத் திறந்து ஸ்டிக்கரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் வண்டியில் ஜெனரேட்டர் பெரும்பாலும் அதே டேங்கிலிருந்துதான் உறிஞ்சும். டேங்க் கால் பாகத்துக்கு இறங்கினால் அது தானாக நின்றுவிடும், நீங்கள் காட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அதனால் கேம்ப்கிரவுண்டுக்குப் போகுமுன் பாதிக்கு மேல் இருக்கட்டும். யெல்லோஸ்டோனுக்குள்ளேயும் கேஸ் ஸ்டேஷன்கள் உண்டு, ஆனால் எல்லாம் வருடம் முழுக்கத் திறந்திருக்காது. நீங்கள் போகிற தேதியை எழுதுங்கள், எங்கே நிரப்பலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.