யானாச்செக்கின் நகரம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செக் இசையமைப்பாளர் யானாச்செக்கின் ‘சின்ஃபோனியேட்டா’ என்ற வாத்தியக்குழு இசையைக் கேட்டேன். தொடக்கத்து டிரம்பெட் முழக்கம் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் அவருடைய ‘கிளகோலிட்டிக் மாஸ்’ கேட்டேன். அவர் தேவாலயத்துக்குப் போகாதவர் என்கிறார்கள். பிறகு ஏன் பூசைக்கான இசை? ஒரே ஆண்டில் எழுதிய இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பி.

அன்புள்ள பி.,

உண்டு. இரண்டையும் 1926இல், எழுபது வயதைத் தாண்டியபின் எழுதினார். இரண்டுக்கும் பின்னால் இருப்பது 1918 அக்டோபர். செக்கோஸ்லோவாகியா விடுதலை பெற்ற மாதம் அது.

சின்ஃபோனியேட்டா பிராகில் நடந்த, சொகோல் என்ற செக் உடற்பயிற்சி இயக்கத்தின் விழாவுக்காகப் பிறந்தது. பீசெக் நகரப் பூங்காவில் ராணுவ பேண்டு வாசித்ததைக் கேட்ட நினைவு அதன் முழக்கத்துக்குத் தூண்டுதல். முதல் பகுதியில் வயலினோ புல்லாங்குழலோ கிடையாது. பித்தளைக் கருவிகளும் டிம்பனி என்ற பெருமுரசும் மட்டும்தான். மற்ற நான்கு பகுதிகளுக்கும் அவர் மனதில் வைத்திருந்த பெயர்கள் அவர் வாழ்ந்த பிர்னோ நகரத்து இடங்கள்: கோட்டை, அரசியின் மடம், தெரு, நகர மண்டபம். கோட்டை என்பது ஷ்பில்பெர்க், விடுதலைக்கு முன் ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசின் கொடுஞ்சிறையாக இருந்த இடம். மடம் அவர் 11 வயதில் பாடகச் சிறுவனாகச் சேர்ந்த அகஸ்தீனிய மடம். மரபியலின் மெண்டல் இருந்த அதே மடம்! ஜெர்மன் மொழிக்காரர்களின் ஆதிக்கத்தில் இருந்த நகரம் விடுதலைக்குப் பின் தன் கண்முன்னே உருமாறியதைப் பற்றி யானாச்செக் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். அந்த டிரம்பெட்டுகளை எனக்கு அந்த மகிழ்ச்சியிலிருந்து பிரிக்கவே முடியவில்லை.

மாஸும் அப்படித்தான். லத்தீனை விட்டுவிட்டு, சிரிலும் மெதோடியசும் 9ஆம் நூற்றாண்டில், பிர்னோ இருக்கும் மொராவியாவுக்குக் கொண்டுவந்த பழைய ஸ்லாவிய வழிபாட்டு மொழியை எடுத்துக்கொண்டார். அந்த மொழியின் பழைய எழுத்துக்குப் பெயர்தான் கிளகோலிட்டிக். தங்கள் மொழியில் தொழுத முன்னோர்களை நினைத்து, சுதந்திர நாட்டுக்காக எழுதிய இசை அது. 1927 டிசம்பர் 5 அன்று பிர்னோவில் முதன்முதலாக நிகழ்த்தப்பட்டது. அதையொட்டி ஒரு விமர்சகர் அவரைப் பக்தி நிறைந்த முதியவர் என்ற பொருளில் எழுதியபோது, தான் முதியவனும் இல்லை, விசுவாசியும் இல்லை என்று உடனே மறுத்தார். அவர் கற்பனை செய்த ஆலயத்துக்குக் காடுதான் சுவர், வானம்தான் கூரை. நம்பிக்கை இல்லாதவரின் போலிப் பக்தி என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாஸின் முடிவை மறுபடி கேளுங்கள். பாடல்கள் முடிந்தபின் ஆர்கன் தனியாகப் புயலடிக்கிறது. அதன்பின் பித்தளைக் கருவிகளோடு ‘இன்ட்ராடா’. வழக்கமாக அது நுழைவுக்கான இசை. யானாச்செக் அதில்தான் மாஸை முடிக்கிறார்.