போர் நினைவுத் தூணில் உப்பு பூப்பது: மறுபடி பெயிண்ட் அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். முதலில் அடிப்பாகத்தில் இருக்கும் சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுங்கள்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கல் தூண், மூன்று வருடம் முன்பு சிமெண்ட் பூசினோம் என்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான். நாகைப் பக்கத்து மண்ணில் ஈரமும் உப்பும் அதிகம். செங்கல் உறிஞ்சும் நீர் சிமெண்ட் வழியே எளிதில் வெளியேறாமல் மேலே ஏறும். அது உலரும் இடத்தில் உப்பு படிகமாகிப் பொருக்குப் பொருக்காய்த் தள்ளும். இப்போது அந்த இடம் கல்வெட்டின் கீழ் வரி.

கொத்துவதற்கு முன் ஒரு சோதனை. ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் ஒட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு அடைத்து, இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் என்றால் அது காற்றின் ஈரம்.

பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் ஊற்றினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்றுமணல் கலந்து, சிமெண்ட் எடுத்த இடத்தில் பூசுங்கள். கடல்மணல் கூடவே கூடாது. ஈரச்சாக்கு போட்டு மெதுவாகக் காயவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் முடியாவிட்டால் தை கழித்துத் தொடங்குவது மேல்.

கல்வெட்டுப் பலகை சலவைக்கல்லாக இருந்தால் ஆசிட் பக்கமே போக வேண்டாம், அரித்துவிடும். எழுத்தை ஆழப்படுத்த உளியும் வைக்க வேண்டாம். முதல் உலகப் போருக்கு (கல்வெட்டில் 1914-1919) ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்ற எண் ஒருமுறை மாறிவிட்டால் போனதுதான். இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள், மங்கிய எழுத்தும் தெரியும்.

தூண் பேரூராட்சி இடத்தில் என்றால், கொத்தனாரை அழைக்கும் முன் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிவிடுங்கள்.