18 குரூப்ல ஒரே மெசேஜ போட்டது தப்பா?

கேள்வி: அண்ணா, போன மாசம் எங்க மாமனாருக்கு டெங்கு, ப்ளேட்லெட் ஏத்தணும், டோனர் பாருங்கன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பதட்டத்துல நான் இருக்கற 18 வாட்ஸப் குரூப்லயும் ஒரே மெசேஜ போட்டுட்டேன். மூணு மணி நேரத்துல ஆள் கெடச்சு, மாமா இப்ப வீட்டுக்கு வந்து நல்லா இருக்காங்க. ஆனா ஒரு குரூப்ல அட்மின் என்னைய எடுத்துட்டாரு, சிலர் "எங்க போனாலும் இதேதானா"ன்னு கேட்டது ரொம்ப கஷ்டமா போச்சு. இன்னிக்கு வரைக்கும் போன் வேற வந்துட்டே இருக்கு. நான் செஞ்சது தப்பா, இனிமே எப்படித்தான் போடறது? – ஈரோட்டுல இருந்து ஒரு சகோதரி

பதில்: தப்பே இல்லம்மா, முதல்ல அத மனசுல இருந்து எடுத்துருங்க. உயிருக்கு ஆபத்துன்னா 18 என்ன, இன்னும் பத்து குரூப்ல கூட போடலாம். ரத்ததான குரூப் சிலத பல வருஷமா பாத்துட்டு வர்றவன்கிற முறைல சொல்றேன், ஒரே மெசேஜ பல எடத்துல போடறதுல பிரச்சனை இல்ல, போட்ட எடத்துல எல்லாம் அத முடிச்சு வைக்காம விடறதுலதான் பிரச்சனை வருது.

இது வாட்ஸப்புக்கு முன்னாடியே இருந்த தலைவலி. யூஸ்நெட்னு 1980ல தொடங்குன, கம்ப்யூட்டர் வழியா பேசிக்கற குழுக்கள் இருந்துச்சு, அங்க ஒரே பதிவ நாலு குழு பேரயும் சேத்து குறிச்சு அனுப்பலாம், அதுக்குப் பேரு கிராஸ்போஸ்ட். சர்வர்ல ஒரு காப்பிதான் இருக்கும், ஒரு குழுவுல படிச்சிட்டா மத்த குழுவுல அது மறுபடி கண்ணுல படாது, பதில் எல்லாம் இந்த ஒரு குழுவுக்கே வரட்டும்னு சொல்லவும் வழி இருந்துச்சு. அதையே ஒவ்வொரு குழுவுலயும் தனித்தனியா போட்டா அது மல்டிபோஸ்ட், அதத்தான் யாருக்கும் பிடிக்காது. 1994 ஏப்ரல்ல அமெரிக்காவுல அரிசோனாவச் சேந்த ரெண்டு வக்கீலுங்க கிரீன் கார்டு (அங்கயே நிரந்தரமா தங்கற அனுமதி) லாட்டரி விளம்பரத்த ஆயிரக்கணக்கான குழுவுல தனித்தனியா போட்டு விட்டு, படிச்சவங்க கண்ணுலயே அது திரும்பத் திரும்ப வந்து, உலகமே கொதிச்சுப் போச்சு.

வாட்ஸப்ல நாம செய்யறது எல்லாமே இந்த ரெண்டாவது வகைதான். உங்க 18 மெசேஜும் 18 தனி மெசேஜ், ஒண்ணுக்கு இன்னொண்ணு தெரியாது. அஞ்சாவது குரூப்ல டோனர் கெடச்ச சேதி பன்னெண்டாவது குரூப்ல இருக்கறவருக்கு எப்படித் தெரியும், அவரு பாவம் இன்னும் தன் தம்பிய எழுப்பி அனுப்பிட்டிருப்பாரு. அதுக்கு மேல யாரோ அத வேற குரூப்புக்கு தள்ளி விட்டா உங்க கைய விட்டே போயிருது. ஒரு தடவ, நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயி பல மாசம் ஆனப்புறமும் சுத்திட்டிருந்த ஒரு மெசேஜ நம்பி ஒரு பையன் பைக்க எடுத்துட்டு ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நின்னான், அவன் முகத்த என்னால மறக்க முடியல. ரத்தம் குடுக்க வர்றவங்க நேரம் சாதாரணமானது இல்லம்மா, ஒரு தடவ முழு ரத்தம் குடுத்தா ஆம்பளைங்க 90 நாள், பொம்பளைங்க 120 நாள் காத்திருக்கணும், அப்படிப்பட்டவங்கள வீணா அலைய விடக்கூடாது.

அதனால அடுத்த தடவ மெசேஜ்லயே முடியற நேரத்த எழுதிருங்க. "அவசரம்"னு மட்டும் எழுதுனா அது என்னிக்கும் அவசரமாவே சுத்திட்டு இருக்கும். நான் எழுதறது இப்படி இருக்கும்:

"12ஆம் தேதி காலை 9 மணி. ஈரோடு, ஆஸ்பத்திரி பேரு, வார்டு. ஓ பாசிட்டிவ் ப்ளேட்லெட், ரெண்டு டோனர் வேணும். இன்னிக்கு ராத்திரி 8 மணி வரைக்கும்தான், அதுக்கப்புறம் இத யாருக்கும் அனுப்பாதீங்க. இந்த ஒரு நம்பருக்கு மட்டும் கூப்பிடுங்க. ஈரோட்டுல இருக்கற மூணு குரூப்ல போட்டிருக்கேன், ரெண்டு தடவ பாக்கறவங்க மன்னிக்கணும்."

அந்தக் கடைசி வரிய விட்றாதீங்க. 1995ல இணைய நாகரிகத்துக்குன்னு ஆர்எஃப்சி 1855னு ஒரு ஆவணம் வந்துச்சு, அதுலயே பல எடத்துக்கு அனுப்பும்போது மன்னிப்பு கேளுங்கன்னு இருக்கு, கேள்வி கேட்டவங்க பதில் கெடச்சதும் அதச் சுருக்கி எல்லாருக்கும் சொல்லணும்னும் இருக்கு. அத்தன வருஷம் கழிச்சும் நமக்கு வேண்டியது அதே ரெண்டுதான். படமா போடாதீங்க, எழுத்தாவே போடுங்க, நம்பர தொட்டா உடனே கூப்பிடலாம். ரிப்போர்ட் போட்டோ வேண்டவே வேண்டாம், அது மாமாவோட சொந்த விஷயம்.

18ம் ஒரே நிமிஷத்துல வேண்டாம். முதல்ல இ-ரக்த்கோஷ்ங்கிற மத்திய அரசு தளத்துல பக்கத்து ரத்த வங்கில இருப்பு இருக்கான்னு பாருங்க, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு பக்கத்துல இருக்கறவங்க உள்ள மூணு குரூப், அர மணி நேரம் பாத்துட்டு ஆள் வரலன்னா அடுத்த மூணு. ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கு சிங்கப்பூர் சொந்தக்காரங்க குரூப்ல போட்டு என்ன ஆகும், அவங்க இன்னும் பத்து குரூப்புக்கு தள்ளறதுதான் நடக்கும். ஸ்கூல் பேரண்ட்ஸ் குரூப், அபார்ட்மெண்ட் குரூப் மாதிரி விதி வச்சிருக்கற எடத்துல அட்மினுக்கு தனியா ஒரு வரி அனுப்பி கேட்டுக்கங்க, பெரும்பாலும் அவங்களே போட்டு விட்ருவாங்க. உங்கள எடுத்தவருக்கும் கோவப்படாம மாமா நல்லா இருக்காங்கன்னு சொல்லி எழுதுங்க, அநேகமா திரும்ப சேத்துப்பாரு.

ஆள் கெடச்ச உடனே போட்ட குரூப் ஒவ்வொண்ணுலயும் உங்க பழைய மெசேஜுக்கே ரிப்ளை குடுத்து "கெடச்சாச்சு, நன்றி, இனி அனுப்ப வேண்டாம்"னு போடுங்க, எந்தெந்த குரூப்னு மறக்காம இருக்க போடும்போதே ஒரு பேப்பர்ல குறிச்சு வச்சுக்கங்க. போட்ட மெசேஜ எல்லாரோட போன்லயும் அழிக்கிற வசதி கிட்டத்தட்ட ரெண்டு நாள் 12 மணி நேரம் வரைக்கும்தான் இருக்கு, திருத்தறதுக்கு 15 நிமிஷம்தான். அழிச்சாலும் மத்தவங்க தள்ளி விட்ட காப்பி அழியாது.

உங்களுக்கு இப்ப அந்த நேரம் தாண்டிருச்சு, பரவால்ல. உங்கள எடுத்த குரூப் போக மீதி 17லயும் அந்த ரிப்ளைய இன்னிக்கே போட்ருங்க. வாட்ஸப் ப்ரொஃபைல்ல உங்க பேருக்கு கீழ இருக்கற வரில "ரத்தம் கெடச்சாச்சு, நன்றி"ன்னு ஒரு மாசத்துக்கு வச்சுக்கங்க, மெசேஜ் அனுப்ப வர்றவங்க அதப் பாத்துப்பாங்க. கூப்பிடறவங்களுக்கு நன்றி சொல்லிட்டு, எந்த குரூப்ல பாத்தீங்கன்னு கேளுங்க, நீங்க அந்த குரூப்ல இருக்க மாட்டீங்க, அதனால அங்க "முடிஞ்சிருச்சு"ன்னு போடச் சொல்லி அவங்க கிட்டயே கேட்டுக்கங்க. உதவி செய்ய கூப்பிட்டவங்கதானே, கண்டிப்பா போடுவாங்க.