வியாழக்கிழமை வந்தாலே வயித்தைக் கலக்குது

மேடம், வணக்கம். வயசு 37. சென்னையில ஒரு பெரிய சேனல்ல வேலை, பேரு வேணாம், சேனல் பேரும் வேணாம். ஃபிக்‌ஷன் டீம்ல இருக்கேன், ஃபிக்‌ஷன்னா வேற ஒண்ணுமில்ல, சீரியல்தான். எடுக்கிறது வெளி கம்பெனி, சேனல் சைடுலேர்ந்து ஒன்லைன், அதாவது கதைச் சுருக்கம், சீன் ஆர்டர், எபிசோடை எங்க கொண்டுபோய் நிறுத்தணும்ங்கிறது வரைக்கும் பாத்து ஓகே பண்றது நாங்க. 2013-ல சேந்தேன். சொந்தக்காரங்களுக்கு நான் தினம் ஹீரோயினோட உக்காந்து டீ குடிக்கிறவன், கல்யாண வீட்டுக்குப் போனா போதும், எங்க பொண்ணு நல்லா பாடுவா, பாட்டுப் போட்டியில சேத்துவிடுன்னு பந்தியிலயே வீடியோ காட்டுறாங்க.

என் லைஃப்ல இருக்கிறது ஒரே ஒரு கிழமை, வியாழக்கிழமை. சனியிலேர்ந்து வெள்ளி வரைக்கும் ஓடுனதுக்கு அடுத்த வியாழன்தான் பார்க்லேர்ந்து (BARC, சில வீட்டு டிவியில மீட்டர் வச்சு யார் எதைப் பாக்கறாங்கன்னு அளக்குற அமைப்பு) டிஆர்பி வரும், அன்னைக்குக் காலையில எனக்கு இட்லி கூட இறங்காது. போன மாசம் என் எட்டு மணி ஸ்லாட் கொஞ்சம் இறங்கிடுச்சு. மீட்டிங்ல நிமிஷ வாரியா கிராஃபைப் போட்டு ‘ஏழாவது நிமிஷத்துல ஏன் ஜனம் எழுந்து போச்சு’ன்னு கேக்கறாங்க, எனக்கென்ன தெரியும், பக்கத்து சேனல்ல அப்பதான் பிரேக் முடிஞ்சிருக்கும். கேக்கறவர் என்னைவிட எட்டு வயசு சின்னவர், மும்பையிலேர்ந்து வந்தவர், தமிழ் தெரியாது, சப்டைட்டில்ல படிச்சுட்டு ‘எமோஷன் பத்தல’ங்கறார். ரெண்டு சீரியலையும் சேத்து மகாசங்கமம் பண்ணலாம்னு சொன்னது நான். ஒரு வாரம் நல்லா ஏறுச்சு, பாராட்டி மெயில் வந்துச்சு, அதுல அவர் பேரு இருக்கு, என் பேரு இல்ல.

வருஷத்துக்கு முந்நூறு எபிசோடுக்கு மேல போகுது மேடம். ஆர்ட்டிஸ்ட்டுக்குக் காய்ச்சல்னா கதையை மாத்தணும், பேங்க்ல, அதாவது முன்கூட்டியே எடுத்து வச்சதுல, ரெண்டு எபிசோடுதான் இருக்குன்னா ராத்திரி பன்னெண்டு மணிக்கும் போன் வரும், அதெல்லாம் யார் கணக்குல வருது?

வீட்டுலயும் பெருசா ஒண்ணுமில்ல. கல்யாணம் ஆகல, ஆகுற மாதிரியும் இல்ல. அம்மா கோவில்பட்டியில தனியா இருக்காங்க, அப்பா 2019-ல தவறிட்டார். முன்னெல்லாம் எங்க சேனலை விட்டு மாத்தவே மாட்டாங்க, 2020 மார்ச்ல ஷூட்டிங் எல்லாம் நின்னு பழைய எபிசோடையே திருப்பிப் போட்டப்போ கூட ‘நீ போட்டதுதானய்யா’ன்னு மறுபடி உக்காந்து பாத்தாங்க. டெய்லி எட்டரைக்கு சீரியல் முடிஞ்ச உடனே போன் வரும், ‘அந்தப் புள்ளைய அவ புருசனோட சேத்து வச்சிருவியாய்யா’ம்பாங்க, ஏதோ நான்தான் பிரிச்சு வச்ச மாதிரி. கதையை வெளிய சொல்லக்கூடாதும்மா, ரூல்ஸ் இருக்குன்னுவேன். ஒரு வியாழக்கிழமை ரேட்டிங் அடிவாங்கின கடுப்புல ‘நம்ம வீட்டுல மீட்டர் இல்லம்மா, நீ பாத்தாலும் பாக்காட்டியும் ஒண்ணுதான்’னு சொல்லிட்டேன். சும்மா உண்மையைத்தான் சொன்னேன். இப்ப எதுவும் கேக்கறதில்ல, எட்டு மணிக்கே படுத்துடறாங்களாம், டிடிஎச் ரீசார்ஜ் பண்ணி மூணு மாசமாச்சுன்னு அக்கா சொன்னா. அது கிடக்கட்டும்.

என் பிரச்சினை அப்ரைசல். ஏப்ரல்ல வரப்போகுது, அந்த மும்பைக்காரர்தான் மார்க் போடுவார். ஆள் குறைக்கப் போறாங்கன்னு வேற கேன்டீன்ல பேச்சு. ரிசைன் பண்ணிட்டு ஓடிடி பக்கம் போயிடவா? இத்தனை லட்சம் பேர் பாக்கறாங்க, ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது மேடம், அதான் வலிக்குது.

---

தம்பி,

உங்க கடிதத்துல மும்பைக்காரர் வர்றார், போறார், மறுபடி வர்றார். அம்மா ஒரே இடத்துலதான் வர்றாங்க, அவங்களையும் ‘அது கிடக்கட்டும்’னு முடிச்சு வச்சுட்டீங்க. எனக்கு அது கிடக்க மாட்டேங்குது.

மேனேஜர் உங்க ஐடியாவைத் தன் பேர்ல போட்டுக்கிட்டது தப்பு, அதுல மாத்துக் கருத்தே இல்ல. அடுத்த தடவை ஐடியாவை வாயால சொல்லாம மெயில்ல போடுங்க, நாலு பேரைச் சேத்து அனுப்புங்க. இதுக்கு மேல அவரைப் பத்தி நான் எழுதப்போறதில்ல, ஏற்கெனவே உங்க மண்டைக்குள்ள அவருக்கு நிறைய எடம் குடுத்திருக்கீங்க.

அம்மாவுக்கு வருவோம். அந்த மீட்டர் நாடு முழுக்கவே சில பத்தாயிரம் வீட்டுலதான் இருக்கு, அந்த வீட்டுலயும் ஆளுக்கொரு பட்டன், டிவி முன்னாடி உக்காந்தா அவங்கவங்க பட்டனை அமுக்கணும். நீங்க வருஷம் முழுக்க துரத்துறது அந்தப் பட்டனை. கோவில்பட்டியில பட்டனே இல்லாம ஒருத்தங்க தினம் எட்டு மணிக்கு உக்காந்தாங்க, உங்க ரேட்டிங் ஏறும்னா உக்காந்தாங்க? அப்பா போன மறு வருஷம், ஊரே கதவைச் சாத்திக்கிட்டு கெடந்தப்போ, தனியா ஒரு வீட்டுல, பாத்த எபிசோடையே திரும்பப் பாத்திருக்காங்க. ஒன்லைன், ஸ்லாட், பேங்க் இதெல்லாம் அவங்களுக்கு என்ன தெரியும்? உங்க வேலைக்குள்ள அவங்க நுழைய ஒரே ஒரு வாசல்தான் இருந்துச்சு, ‘அந்தப் புள்ளைய சேத்து வச்சிருவியாய்யா’. அதுக்கு நீங்க ரூல்ஸ் சொன்னீங்க. அப்புறம் மீட்டர் கணக்கு சொன்னீங்க.

கோச்சுக்காதீங்க, இந்த விஷயத்துல நான் உங்க பக்கம் இல்ல. ‘சும்மா உண்மையைத்தான் சொன்னேன்’னு எழுதியிருக்கீங்க, உண்மைதான், ஆனா காலையில மீட்டிங்ல நீங்க வாங்குனதைத்தான் சாயந்தரம் அம்மா கையில குடுத்திருக்கீங்க. நீ கணக்குலயே வரமாட்டேன்னு ஒருத்தர்கிட்ட சொன்னா எப்படி இருக்கும்னு இந்த உலகத்துல உங்களைவிட நல்லா தெரிஞ்சவங்க யாரு? ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்களே அதைப் பத்தி. ஒருத்தருக்கும் என்னைத் தெரியாதுன்னு முடிச்சிருக்கீங்க. ஒருத்தங்க தினம் எட்டரைக்குப் போன் பண்ணிக்கிட்டு இருந்தாங்க தம்பி.

அதுக்காக எல்லாம் அந்த ஒரு வார்த்தையாலதான்னு இப்ப உக்காந்து அழவும் வேணாம். ஒரு டயலாக்ல குடும்பமே கவுந்து போறது உங்க சீரியல்ல நடக்கும். வீட்டுல பல காரணம் சேந்து வரும். ஆனா வயசானவங்க தனியா இருந்துக்கிட்டு, பிடிச்சதை விட்டுட்டு, நேரத்தோட படுத்துக்கிறது, அதுவும் மூணு மாசமா, இதை நான் லேசா எடுக்க மாட்டேன். மனச்சோர்வா இருக்கலாம், சர்க்கரையோ தைராய்டோ இருக்கலாம், கண்ணுல புரை விழுந்து டிவி சரியா தெரியாம அதை வெளிய சொல்லாம இருக்காங்கன்னாலும் ஆச்சரியப்பட மாட்டேன். என்கிட்ட வர்ற எத்தனையோ அம்மாங்க கண்ணு தெரியலங்கிறதை விட ‘எனக்கு இப்ப அதுல இஷ்டமில்ல’ன்னு சொல்றது சுலபம்னு நினைக்கிறவங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அக்காவை அனுப்பாதீங்க, நீங்க போங்க.

ரிசைன் பண்றதை இப்ப முடிவு பண்ணாதீங்க. ஓடிடிக்குப் போனா வியாழக்கிழமை இருக்காது, சரி, ஆனா எத்தனாவது நிமிஷத்துல ஆள் நிறுத்துனான்னு அங்கயும் ஒருத்தர் பாத்துக்கிட்டுத்தான் இருப்பார். வாராவாரம் இட்லி இறங்காத அளவுக்குப் பயம்னா உங்களுக்கும் உதவி வேணும், 14416-னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், டெலி மானஸ், இருக்கு, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

இந்த வாரம் டிஆர்பி என்னவா வேணா வரட்டும், வியாழக்கிழமை சாயந்தரமே ரயில் ஏறிடுங்க. டிடிஎச்சை சென்னையில இருந்துக்கிட்டே போன்ல ரீசார்ஜ் பண்ணி முடிச்சுடாதீங்க, அங்க போய் அவங்க முன்னாடி பண்ணுங்க. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு உங்க சீரியலைப் போட்டு பக்கத்துல உக்காருங்க, அந்தப் புள்ளைய சேத்து வைப்பீங்களா மாட்டீங்களான்னு கேட்டா சொல்லிடுங்க, அவங்க போய் யார்கிட்ட சொல்லப் போறாங்க. ஏழாவது நிமிஷத்துல எழுந்து போனாங்கன்னா ஏன்னு பின்னாடியே போய்ப் பாருங்க. அடுப்புல பால் பொங்கியிருக்கும்.